11 வயதில் திருமணம், 22 வயதில் சிறைக்குத் தயார்: டாக்டர் ருக்மாபாயின் வாழ்க்கை இன்றைய பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் முக்கியம்?

2017 நவம்பர் 22 அன்று கூகுள் பக்கத்தைத் திறந்தவர்கள், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் புடவை கட்டிய ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர் ருக்மாபாய். இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் மருத்துவர்களில் ஒருவர் என்பதுதான் அன்று பலரும் ஷேர் செய்த தகவல்.

ஆனால், அவர் மருத்துவர் ஆவதற்கு முன்பே நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 11 வயதில் தனக்கு நடந்த திருமணத்தை ஏற்க முடியாது என்று நீதிமன்றத்தில் நின்று, அதற்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று சொன்னபோது அவருக்கு வயது 22. நீங்கள் முதல் சம்பளம் வாங்கிய வயது எது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

10 முதல் 19 வயது வரையிலான பருவத்தை இன்று வளரிளம் பருவம் என்கிறோம். அதற்கென்று அரசுத் திட்டங்கள், மாத்திரைகள், ஆலோசனை மையங்கள் எல்லாம் உண்டு. 140 ஆண்டுகளுக்கு முன்பு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அப்படி ஒரு பருவம் இருப்பதாகவே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பூப்பெய்தும் வரை குழந்தை, அதற்கு அடுத்த நாளிலிருந்து மனைவி. இடையில் எதுவும் கிடையாது. அந்த இடைவெளியைச் சட்டம் கவனிக்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியவர்களில் ருக்மாபாய் முக்கியமானவர்.

யார் இந்த ருக்மாபாய்?

1864 நவம்பர் 22 அன்று பம்பாயில் பிறந்தார். சுதார் எனப்படும் தச்சர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். அப்பா ஜனார்தன் பாண்டுரங், அம்மா ஜெயந்திபாய்.

ஜெயந்திபாய்க்கு 14 வயதில் திருமணம் நடந்தது. 15 வயதில் ருக்மாபாய் பிறந்தார். 17 வயதில் ஜெயந்திபாய் கணவரை இழந்தார். இன்றைய கணக்கில் சொன்னால், பிளஸ் டூ முடிப்பதற்குள் ஒரு பெண் மனைவி, தாய், கைம்பெண் என மூன்று கட்டங்களையும் கடந்துவிட்டார்.

அவர்களுடைய சமூகத்தில் மறுமணத்துக்குத் தடை இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஜெயந்திபாய், டாக்டர் சகாராம் அர்ஜுனை மணந்தார். இந்தக் கதையில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் இது. அவர் மருத்துவர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர், 1883-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இவ்வளவு படித்தவர் வீட்டிலும் குழந்தைத் திருமணம் நடக்கத்தான் செய்தது. 11 வயது ருக்மாபாயை, சகாராமின் உறவினரான 19 வயது தாதாஜி பிகாஜிக்கு மணமுடித்தார்கள். தாதாஜி மாமனார் வீட்டோடு இருந்து படித்து முன்னேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வீட்டோடு மாப்பிள்ளை என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதேதான்.

வளர்ப்புத் தந்தை எடுத்த முடிவு என்ன?

திருமணமாகிச் சில மாதங்களிலேயே ருக்மாபாய் பூப்பெய்தினார். அன்றைய வழக்கப்படி, அடுத்த கட்டம் கர்ப்பாதானச் சடங்கு. நம் பக்கத்தில் சாந்தி முகூர்த்தம் என்பார்கள். 12 வயதைத் தொட்டும் தொடாத சிறுமி அன்று முதல் தாம்பத்திய வாழ்க்கையைத் தொடங்க வேண்டும்.

சகாராம் அர்ஜுன் அதை அனுமதிக்கவில்லை. மருத்துவராக, அந்த வயது உடல் இதற்குத் தயாராக இல்லை என்பது அவருக்குத் தெரியும். தாதாஜிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சடங்கு தள்ளிப்போனது.

அவர் ஏன் மறுத்தார் என்பது இன்றைக்கு உங்களுக்குப் புரியும். மாதவிடாய் தொடங்குவது வளர்ச்சியின் தொடக்கம்தான். அதற்குப் பிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கும். அது முடிவதற்குள் கர்ப்பமானால் பிரசவத்தில் குழந்தை சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். கர்ப்பகால வலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று, எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகளும் 20 வயதைக் கடந்த தாய்மார்களைவிட வளரிளம் பருவத் தாய்மார்களுக்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதே காலத்தில், இதே பகுதியில் வாழ்ந்த இன்னொரு பெண்ணைப் பாருங்கள். ஆனந்திபாய் ஜோஷி, ருக்மாபாயைவிட ஒரு வயதுகூட இளையவர் அல்ல, சில மாதங்களே இளையவர். 9 வயதில் திருமணம், 14 வயதில் பிரசவம். குழந்தை 10 நாட்களில் இறந்தது. அந்த இழப்புக்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்க அமெரிக்கா போனார். 1886-ல் பட்டம் பெற்றார். 1887-ல், 22 வயது நிறைவதற்கு முன்பே காசநோயால் இறந்தார். ருக்மாபாய் வாழ்ந்தது 90 ஆண்டுகள். இரண்டு பேரின் ஆயுளுக்கும் காரணம் திருமண வயது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த அவகாசம் இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

பள்ளி நின்றது, படிப்பு நின்றதா?

திருமணத்தோடு ருக்மாபாயின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பள்ளி நின்றாலும் வாசிப்பை அவர் விடவில்லை. கிறிஸ்தவ மிஷன் நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த புத்தகங்களை வைத்துத் தானாகவே படித்தார். வீட்டுக்கு வந்துபோன சீர்திருத்தவாதிகளின் பேச்சைக் கேட்டார். ஆங்கிலம் வசப்பட்டது.

மறுபக்கம், தாதாஜி படிப்பை விட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டார். கடன் ஏறியது. ருக்மாபாய் தாய் வீட்டிலேயே வளர்ந்தார். 8 ஆண்டுகள் இப்படியே ஓடின.

1884-ல் தாதாஜி தன் மனைவியை அனுப்பச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ருக்மாபாய் போக மறுத்தார். விஷயம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கில் அப்படி என்ன பெரிய விஷயம்?

தாதாஜி கேட்டது, சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தரும் உத்தரவு. ஆங்கிலச் சட்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த ஏற்பாடு இது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிங்க. இந்த உத்தரவை மீறினால் சிறை என்பதை இங்கிலாந்து 1884-லேயே கைவிட்டுவிட்டது. அதே ஆட்சியின் கீழ் இருந்த இந்தியாவில் மட்டும் சிறைத் தண்டனை தொடர்ந்தது.

ருக்மாபாய் தரப்பு, தாதாஜியால் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் அவருடைய உடல்நிலையையும் சுட்டிக்காட்டியது. அடிப்படை வாதம் வேறு. விவரம் தெரியாத வயதில், சம்மதம் கேட்காமல் நடந்த ஒரு திருமணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் நிலைப்பாடு. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். 1880-களில் ஒரு இந்தியப் பெண் இதை நீதிமன்றத்தில் சொன்னது பெரும் அதிர்ச்சி.

1885 ஏப்ரலில் சகாராம் அர்ஜுன் இறந்துபோனார். வழக்கு நடக்கும்போதே, தன் பக்கம் நின்ற முக்கியமான பெரியவரை ருக்மாபாய் இழந்தார். அதே ஆண்டு டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் ஓர் இந்துப் பெண் என்ற புனைபெயரில் இரண்டு கடிதங்கள் வெளியாயின. எழுதியவர் ருக்மாபாய்தான். குழந்தைத் திருமணம் ஒரு பெண்ணின் படிப்பையும் உடலையும் மனதையும் எப்படி முடக்குகிறது, கைம்பெண்கள் மீது சுமத்தப்படும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதுதான் அவற்றின் சாரம்.

1885 செப்டம்பரில் நீதிபதி ராபர்ட் ஹில் பின்ஹே தீர்ப்பளித்தார். இருவரும் ஒருநாளும் சேர்ந்தே வாழாதபோது மீட்டுத் தர என்ன இருக்கிறது என்பது அவர் பார்வை. விவரம் தெரியாத வயதில் மணமுடிக்கப்பட்ட ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தாதாஜியின் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

தாதாஜி மேல்முறையீடு செய்தார். 1886-ல் வழக்கு மறுபடி விசாரணைக்கு அனுப்பப்பட்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபரன், ருக்மாபாய் கணவருடன் போய் வாழ வேண்டும், இல்லையென்றால் 6 மாதச் சிறை என்று உத்தரவிட்டார்.

ருக்மாபாய் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

நாடே இரண்டாகப் பிரிந்தது. பெஹ்ராம்ஜி மலபாரி போன்ற சீர்திருத்தவாதிகள் அவர் பக்கம் நின்று, வழக்குச் செலவுக்கு நிதி திரட்டினார்கள். பால கங்காதர திலகர் தன் பத்திரிகைகளில் கடுமையாக எதிர்த்தார். இந்துக் குடும்ப விவகாரத்தில் அந்நிய அரசுக்கு என்ன வேலை என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. பெண் படித்தால் இப்படித்தான் ஆகும் என்ற குரலும் பலமாக ஒலித்தது. கடைசியில் 1888 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். ருக்மாபாய் சிறைக்குப் போகவில்லை.

சட்டம் எப்படி மாறியது?

அப்போது சட்டப்படி, ஒரு பெண்ணுடன் உறவுகொள்ளக் குறைந்தபட்ச வயது 10. மணமான சிறுமிக்கும் அதுதான்.

1890-ல் கல்கத்தாவில் ஒரு வழக்கு. ஃபூல்மோனி தாஸி என்ற சிறுமி, 30 வயதைக் கடந்த கணவர் ஹரி மோகன் மைத்தி உறவுகொண்டதில் ஏற்பட்ட காயத்தால் இறந்துபோனாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால் பாலியல் வன்கொடுமைச் சட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. கிடைத்த தண்டனை ஓராண்டு கடுங்காவல். அவ்ளோதான்.

ருக்மாபாய் வழக்கு கிளப்பிய விவாதம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஃபூல்மோனியின் மரணம் அதை வெடிக்க வைத்தது. இந்தியாவில் பணியாற்றிய 50-க்கும் மேற்பட்ட பெண் மருத்துவர்கள், சிறுமிகளுக்கு ஏற்பட்ட காயங்களையும் மரணங்களையும் பட்டியலிட்டு வைஸ்ராய்க்கு மனு அனுப்பினார்கள். 1891 மார்ச்சில் சம்மத வயதுச் சட்டம் நிறைவேறி, வயது 10-லிருந்து 12 ஆனது.

வெறும் இரண்டு வயசுதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு சிறுமியின் உடல்நலத்தைக் காரணமாக வைத்து, திருமணம் என்ற நான்கு சுவருக்குள் சட்டம் நுழைந்தது பெரிய திருப்பம். அடுத்த படி 1929-ல் வந்த சாரதா சட்டம். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை அது நிர்ணயித்தது. சென்னை சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் போராடியது இந்த ஆண்டுகளில்தான். பெண்ணின் திருமண வயது 1949-ல் 15 ஆனது. 1978-ல் 18 ஆனது. 10-லிருந்து 18-க்கு வர நமக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு ருக்மாபாய் என்ன செய்தார்?

பம்பாய் காமா மருத்துவமனையின் டாக்டர் எடித் பீச்சி ஊக்கம் கொடுத்து, பண உதவிக்கும் வழி செய்தார். 1889-ல் ருக்மாபாய் லண்டன் போனார். பெண்களுக்கான லண்டன் மருத்துவக் கல்லூரியில் படித்து 1894-ல் தகுதி பெற்றார்.

நாடு திரும்பியவர் சூரத் பெண்கள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பிறகு ராஜ்கோட் பெண்கள் மருத்துவமனை. இரண்டு ஊர்களையும் சேர்த்தால் சுமார் 35 ஆண்டு உழைப்பு. பம்பாயில் கிடைத்திருக்கக்கூடிய பெயரையும் வசதியையும் விட்டுவிட்டு, பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டவே தயங்கிய ஊர்களில் அவர் பிரசவம் பார்த்தார். வேறு திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற காலத்தில், பெண்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் பர்தா முறைக்கு எதிராக எழுதினார்.

சரி, இதெல்லாம் பழைய கதைதானே?

முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 25.3 கோடிப் பேர். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களைப் பாருங்கள்.

- 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. 2005-06 ஆய்வில் இது 47.4 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முடியவில்லை.
- 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஆய்வு நடந்தபோது ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள்.
- அதே வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16-ல் இது 54.1 சதவீதம். அதாவது, கூடியிருக்கிறது.
- அதே வயது ஆண்களிலும் 31.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது பெண் பிள்ளைகள் பிரச்சினை மட்டும் என்று நினைச்சுடாதீங்க.

ரத்தசோகை உள்ள பிள்ளை வகுப்பில் தூங்கி விழும், விளையாட மூச்சு வாங்கும், பாடத்தில் கவனம் நிற்காது. சோம்பேறி என்று திட்டு வாங்கும் பிள்ளைக்குச் சில நேரம் இரும்புச்சத்துதான் குறைந்திருக்கும்.

இதற்காகத்தான் அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் தருகிறார்கள். 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் ஊட்டச்சத்து, இனப்பெருக்க நலம், மனநலம், காயமும் வன்முறையும், போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் என ஆறு விஷயங்களைக் கையில் எடுத்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் வயிறு புரட்டுகிறது என்று பிள்ளை மாத்திரையைத் தூக்கிப் போட்டால், ஏன் என்று கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். மாதவிடாய் வலியையோ மனச்சோர்வையோ சொன்னால், கேலி செய்யாமல் கேட்கவும் ஒருவர் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ருக்மாபாய்க்கு 12 வயதில் கிடைத்தவை நான்கு: உடல் வளர அவகாசம், படிக்கப் புத்தகம், வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல், அவருக்காகப் பேச ஒரு பெரியவர். கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். தங்கை, அக்கா மகன், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகள் என உங்களைச் சுற்றி அந்த வயதுப் பிள்ளை ஒருவராவது இருப்பார்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். டீ, காபியோடு வேண்டாம். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்தால் சத்து நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண் திடீரென்று நின்றுவிட்டால் காரணம் கேளுங்கள். 18 வயதுக்குள் திருமண ஏற்பாடு என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. இரண்டும் இலவசம்.

ஒருவேளை திருமணம் நடந்தே முடிந்துவிட்டால்? 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டப்படி, குழந்தையாக இருந்தபோது மணமுடிக்கப்பட்டவர், உரிய வயதை எட்டிய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 1880-களில் ருக்மாபாய் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

அவர் 1955 செப்டம்பர் 25 அன்று பம்பாயில் காலமானார். இந்து திருமணச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமையை நாடு முழுவதும் கொடுத்த அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவில், சேர்ந்து வாழும் உரிமையை மீட்கக் கோரும் அதே பழைய ஏற்பாடும் இடம்பெற்றது. அது நீக்கப்படாமல் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.